தலையணை வரை எட்டும் சத்தம்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு வேதபாடத்தை எழுதுவேன். இம்முறை கூரையில் பொருத்தும் ஒரு வெள்ளை வட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். காரணம், அடையாறிலிருந்து ஒரு மூத்த சகோதரி எழுதிய கடிதம். பல ஆண்டுகளாக நம்மைத் தாங்கி வருகிறவர்கள். "ஐயா, புகையைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வைக்க அன்றைக்கே காணிக்கை அனுப்பினோமே. இப்போது சவுண்டர் பேஸ் என்று இன்னொரு செலவு எதற்கு? முதலில் வைத்தது கெட்டுப் போயிற்றா?" என்று கேட்டிருந்தார்கள். நேர்மையான கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை.

கெட்டுப் போகவில்லை, அம்மா. அவை வேலை செய்கின்றன. ஆனால் வேலை செய்வது வேறு, தூங்குகிறவர் காதில் விழுவது வேறு. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இனிமையானதல்ல.

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு ஊரில் ஒரு மருத்துவமனையில் ஊழியம் செய்தேன். பெயர் வேண்டாம். அங்கே செவிலியர் மாணவிகளின் விடுதியில், இரண்டாம் மாடியில், பழைய மெத்தைகளும் போர்வைகளும் போட்டு வைத்த ஒரு சிற்றறை இருந்தது. அதே அறையில் ஒரு ஃபிரிட்ஜும் அதற்கு ஒரு ஸ்டெபிலைசரும். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மேல் ஸ்டெபிலைசர் கருகிப் புகையத் தொடங்கியது. கூரையிலிருந்த டிடெக்டர் புகையைக் கண்டுகொண்டது. கீழே வரவேற்பறையில் இருந்த பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது. நடைவழியின் நடுவில் இருந்த ஹூட்டர் அலறியது. எல்லாம் சட்டப்படி நடந்தது. ஆனால் கோடி அறைகளில் கதவைத் தாளிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுத் தூங்கிய பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. காவலாளியோ அந்த மாதத்தில் ஐந்து முறை வீணாக மணி அடித்ததைப் பார்த்தவர். நிதானமாகத்தான் மாடி ஏறினார். உயிர்ச்சேதம் இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஒரு பிள்ளை மூன்று நாள் ஆக்ஸிஜனோடு படுத்திருந்தாள். நான் தினமும் அவள் கட்டிலருகே போய் ஜெபித்தேன். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "மணி அடித்தது என்று எல்லாரும் சொல்கிறார்களே ஐயா, எனக்கு ஏன் கேட்கவில்லை?"

அவளுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு ஒரு பொறியாளர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லுகிறேன். பள்ளிக்கூடக் கழித்தல் கணக்குத்தான்.

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளக்கிறார்கள். நடைவழியில் வைக்கும் நல்ல ஹூட்டர், ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 100 டெசிபல் தரும். தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88, 8 மீட்டரில் 82. அங்கே மூடிய மரக்கதவு ஒன்று நிற்கிறது. அது 20 டெசிபலாவது விழுங்கிவிடும். மீதி 62. கதவு கனமானதாக இருந்தால் இன்னும் குறைவு. அறைக்குள் பழைய ஜன்னல் ஏசி ஒன்று உறுமிக்கொண்டிருந்தால் அதன் சத்தமே 55, 60 இருக்கும். தூங்குகிற மனிதரை எழுப்பக் கட்டிலின் தலைமாட்டில் 75 டெசிபல் வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. அப்படியானால் 13 டெசிபல் குறைகிறது. அந்தப் பிள்ளைக்குக் கேட்காததற்குக் காரணம் அந்தப் 13.

ஹூட்டரை இன்னும் உரக்க அலறவிடலாமே என்று தோன்றும். கதவுக்குள்ளே 75 கேட்க வேண்டுமானால் நடைவழியில் ஹூட்டருக்கு நேர் கீழே நிற்கிறவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார். பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காது, கட்டளை கொடுக்க முடியாது. சத்தத்தைப் பெரிதாக்குவதைவிட அதைத் தூங்குகிறவரின் அறைக்குள்ளே கொண்டுபோவதுதான் வழி. அதற்கு வந்ததுதான் சவுண்டர் பேஸ்.

புகை டிடெக்டர் இரண்டு பாகமாக இருக்கும். கூரையோடு திருகி வைத்த அடித்தட்டு ஒன்று, அதற்குப் பேஸ் என்று பெயர். அதில் சொருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் தலை ஒன்று. தலைக்குள்ளே ஓர் இருட்டறை. அதில் சிறு விளக்கொளி விட்டுவிட்டுத் துடிக்கும். ஒளி நேராக ஒளியுணர்விமேல் படாதபடி அமைத்திருப்பார்கள். புகை நுழைந்தால் அந்தத் துகள்களில் ஒளி பட்டுச் சிதறி, உணர்வியைத் தொடும். உடனே பேனலுக்குச் செய்தி போகும். சாதாரண பேஸ் வெறும் சொருகு தட்டு, கம்பியை இணைப்பதோடு அதன் வேலை முடிந்தது. சவுண்டர் பேஸுக்குள்ளே ஓர் ஒலிக்கருவியும் இருக்கிறது. டிடெக்டருக்கு வருகிற அதே இரண்டு கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகைகள் உண்டு. தனியாக ஹூட்டருக்கு ஒரு குழாய் பதித்து, சுவரை உடைத்து, கம்பி இழுக்க வேண்டாம். பழைய கட்டடங்களில் இது பெரிய சகாயம். ஒரு மீட்டரில் 85 முதல் 90 டெசிபல் வரை தருபவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. கூரைக்கும் தலையணைக்கும் இரண்டரை மீட்டர் என்றால் 8 டெசிபல் கழியும். 90 தருவது 82 ஆகத் தலையணைக்கு வரும். நடுவில் கதவே இல்லை. இதுதான் அந்த இரண்டாவது செலவு, அம்மா.

இதெல்லாம் ஏட்டுக்கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் சுவரும் தரையும் சத்தத்தைக் கூட்டும். மெத்தையும் திரைச்சீலையும் குறைக்கும். ஆகவே பொருத்தி முடித்த பிறகு சத்தம் அளக்கும் மீட்டரைத் தலையணைமேல் வைத்துப் பார்க்காதவரை வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடக் கூடாது. கதவை மூடி, மின்விசிறியையும் ஏசியையும் ஓடவிட்டு அளக்க வேண்டும். பகலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "நல்லாக் கேட்குது சார்" என்று சொல்லும் சோதனை யாருக்கும் உதவாது.

சத்தத்தின் உரப்பு மட்டுமல்ல, அதன் சுருதியும் முக்கியம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவிகளின் கீச்சு எனக்குக் கேட்பதில்லை. மனைவி சொன்னால்தான் தெரியும். இந்த வகை அலாரங்களில் பெரும்பாலானவை 3,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலான கீச்சுக்குரலில் ஒலிப்பவை. வயதானவர்களின் செவியில் முதலில் தேய்வது அந்த உயர்ந்த சுருதிகளே. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டோரதி புரூக்கும் அவரோடு ஆராய்ந்தவர்களும், 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த சுருதி தூங்குகிற முதியவர்களையும், காது மந்தமானவர்களையும், சிறுபிள்ளைகளையும் கீச்சுக்குரலைவிட நன்றாக எழுப்புகிறது என்று கண்டார்கள். அமெரிக்க விதிகளில் தூங்கும் அறைகளுக்கு இப்போது அந்தத் தாழ்ந்த சுருதியையே கேட்கிறார்கள். நம் ஊரில் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்று மட்டும் கவனம். தாழ்ந்த சுருதிக்கு அதிக மின்சாரம் தேவை. முற்றிலும் காது கேளாதவர்களுக்குச் சத்தம் எதுவும் பயனில்லை. அவர்கள் அறையில் பளிச்சிடும் விளக்கும், தலையணைக்கடியில் அதிரும் தட்டும் வேண்டும்.

"அப்படியானால் எல்லா வார்டுகளிலும் இதையே மாட்டிவிடலாமே" என்று நம் பாதுகாப்புக் குழுவில் ஒருவர் கேட்டார். (அந்தக் குழுவில் என்னை ஏன் சேர்த்தார்கள் என்று முதலில் புரியவில்லை. இரவில் எல்லா வார்டுகளையும் சுற்றுகிறவர் நீங்கள் ஒருவர்தானே என்றார்கள்.) இதில் நான் மாறுபட்டேன். நம் மூத்த சிஸ்டரும் என் பக்கம் நின்றார்கள். மாரடைப்போடு வந்து படுத்திருப்பவரின் தலைக்கு மேல் திடீரென்று 82 டெசிபல் அலறுவது அவருக்கு நன்மையா? தீவிர சிகிச்சைப் பிரிவிலும், பச்சைக் குழந்தைகள் இருக்கும் அறையிலும் படுத்திருப்பவர் எழுந்து ஓடப் போவதில்லை. அவரைத் தூக்கிச் செல்லவேண்டியவர் எழவேண்டும். ஆகவே வார்டுகளில் சத்தம் மிதமாக, செவிலியர் மேசையருகில் விளக்கோடு. முழுச் சத்தம் எங்கே? பணி மருத்துவர் தூங்கும் அறையில், செவிலியர் விடுதியில், ஊழியர் குடியிருப்பில், நோயாளிகளின் உறவினர் படுக்கும் கூடத்தில். சமையற்காரரும் டிரைவரும் கண்ணயரும் பின்கட்டு அறையை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அங்கேயும்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதி தீப்பற்றியது. 28 பேர் இறந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் எந்த மணி அடித்தும் பயனில்லை. ஏனென்றால் கேட்டவர்கள் எழுந்து போக முடியாது. நம் வார்டுகளில் சங்கிலி இல்லை. ஆனால் இழுவையில் தொங்கும் காலும், கையில் ஏறும் டிரிப்பும், வெண்டிலேட்டர் குழாயும் இருக்கின்றன. கேட்டவுடன் வருகிறவர் ஒருவர் இருந்தாலொழிய மணி வெறும் சத்தம்தான்.

2011 டிசம்பர் 9ஆம் தேதி கொல்கத்தாவில் ஆம்ரி மருத்துவமனையில் தீ பிடித்தது அடித்தளத்தில், எரியும் பொருள்களைக் குவித்து வைத்திருந்த இடத்தில். நோயாளிகள் இருந்ததோ மேல்மாடிகளில். தீ அவர்களைத் தொடவில்லை. சுற்றிலும் கண்ணாடி அடைத்த கட்டடத்துக்குள் புகைதான் ஏறியது. சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மூச்சுத்திணறி. நோயாளிகளை வெளியே கொண்டுவரப் போராடிய கேரளத்துச் செவிலியர் இருவரும் அதில் உண்டு. 2024 டிசம்பர் 12ஆம் தேதி இரவு நம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். புகை சூழ்ந்தபோது லிஃப்டில் சிக்கிக்கொண்டவர்கள். இதற்கு மாறாக, 2022 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் தீப்பிடித்தபோது நோயாளிகள் எல்லாரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அது நடந்தது பகலில், ஆட்கள் விழித்திருந்த நேரத்தில் என்பதை நான் மறப்பதில்லை.

இனி பொருத்தும் வேலைக்கு வருகிறேன். உங்களில் பலர் சபை மண்டபம், மாணவர் விடுதி, முதியோர் இல்லம் முதலியவற்றின் நிர்வாகக் குழுக்களில் இருக்கிறீர்கள். அங்கேயும் இது உதவும்.

மயிலாப்பூரில் நம் பழைய பகுதியின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. அழகான கூரை, ஆனால் உத்திரத்துக்கு உத்திரம் ஒரு பள்ளம். புகை மேலே எழும்பி அந்தப் பள்ளங்களில் தேங்கும், பக்கத்துப் பள்ளத்திலுள்ள டிடெக்டருக்கு வர நேரமாகும். கூரைக்குக் குறுக்கே ஓடும் உத்திரத்தின் ஆழம் அறை உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேலிருந்தால் அதைச் சுவராகவே எண்ணி, இருபுறமும் தனித்தனி டிடெக்டர் வைக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் விதி. புதிய கட்டடத்தில் தட்டையான கான்கிரீட் கூரை, அங்கே வேலை எளிது. சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளியும், ஏசி காற்று வெளிவரும் வாயிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியும் வைக்கவேண்டும். காற்று நேராக அடித்தால் புகை டிடெக்டருக்குள் நுழையாது.

கம்பி வந்திறங்கும் குழாயின் வாயை அடைக்கவேண்டும். இதை அதிகம்பேர் செய்வதில்லை. அந்தத் துளை வழியே காற்று கீழ்நோக்கி ஊதினால் டிடெக்டருக்குள் வருகிற புகையைத் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே வழியாக நீர் கசிந்து பேஸில் சொட்டும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் அங்கே பச்சை பூத்துவிடும். எறும்பு, கரப்பான், சிறு சிலந்தி எல்லாவற்றுக்கும் அதுவே வாசல். நம் விடுதியில் ஒரு பேஸ் ஊமையாகிப்போனது. தம்பி எலெக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்தால் உள்ளே எறும்புப்புற்று மண். "ஐயா, இதுங்களுக்கு வாடகை இல்லாத வீடு" என்றார்.

கம்பியைப் பொருத்தவரை, மின்விளக்குக் கம்பியோடு ஒரே குழாயில் இதை ஓட்டக் கூடாது. நெருப்பில் சற்று நேரமாவது தாங்கும் கேபிள் வேண்டும். பாசிடிவ், நெகடிவ் மாறக் கூடாது. கேபிளை மெக்கர் வைத்துச் சோதிக்கும்போது டிடெக்டரும் பேஸும் அதில் மாட்டியிருக்கக் கூடாது. மெக்கரின் உயர் அழுத்தம் அவற்றை ஒரே கணத்தில் தின்றுவிடும். இப்படி ஒரு மாடி முழுவதையும் இழந்த விடுதியை நான் அறிவேன்.

எல்லாவற்றிலும் அதிகமாய்த் தவறுவது மின்சாரக் கணக்கு. டிடெக்டர் சும்மா விழித்துக்கொண்டிருக்க ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான மின்சாரம் போதும். சவுண்டர் பேஸ் ஒலிக்கும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஒன்று ஒலிக்கும்போது தெரியாது. தீ என்றால் எல்லாம் சேர்ந்து ஒலிக்கவேண்டும். அப்போது நீண்ட கம்பியின் கடைசியில் இருப்பவற்றுக்கு மின்னழுத்தம் போதாமல் சத்தம் முனகலாகிவிடும். பேனலின் லூப் அத்தனை பேஸ்களையும் தாங்குமா, பேட்டரி போதுமா என்று முன்னதாகவே கணக்கிடவேண்டும். மின்சாரம் போன பின் 24 மணி நேரம் விழித்திருந்து, அதன் பிறகும் அரைமணி நேரம் எல்லாவற்றையும் ஒலிக்கச் செய்யும் அளவுக்குப் பேட்டரி இருக்கவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பேஸை மட்டும் கூட்டிவிட்டுப் பழைய பேட்டரியை அப்படியே விட்டால், மணி இருக்கும், மூச்சு இருக்காது. ஒரு கம்பெனியின் பேனலில் இன்னொரு கம்பெனியின் பேஸை, விலை குறைவென்று மாட்டுவதும் வேண்டாம். பெரும்பாலும் ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது.

பேஸின் பின்னால் சிறிய ஸ்விட்சுகள் உண்டு. சத்தத்தின் அளவையும் ராகத்தையும் அவற்றால் வைக்கலாம். எல்லா பேஸ்களும் ஒரே ராகத்தில் இருக்கவேண்டும். அது லிஃப்ட் மணியையோ, அவசர மருத்துவர் அழைப்பையோ போல இருக்கக் கூடாது. எக்காளம் விளங்காத சத்தம் கொடுத்தால் யார் யுத்தத்துக்கு ஆயத்தமாவார் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினதை நினைத்துக்கொண்டேன். நம் கட்டடத்தில் ஒரு மாடி கூவியது, அடுத்த மாடி விட்டுவிட்டுக் கீச்சிட்டது. மாற்ற ஒரு மத்தியானம் போயிற்று.

இப்போது வீண் மணியின் கதை. மருத்துவமனையில் புகை, நீராவிக்குப் பஞ்சமில்லை. நெபுலைசர், ஆட்டோகிளேவ் அறையின் ஆவி, சமையற்கட்டு. பிரசவ வார்டில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் பாட்டிமார் சாம்பிராணி காட்டவேண்டும் என்பார்கள், எத்தனை சிஸ்டர்கள் சொன்னாலும் ஒளித்தாவது காட்டுவார்கள். வெளியே மாநகராட்சியின் கொசு மருந்துப் புகை. போகி விடியலில் மயிலாப்பூர் முழுவதும் மூட்டம். ஒவ்வொன்றுக்கும் டிடெக்டர் தன் கடமையைச் செய்யும். நாலு முறை செய்தால் ஐந்தாவது முறை யாரோ ஒருவர் பேனலில் அந்தப் பகுதியை அணைத்து வைப்பார். அணைத்தவர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போவார். அணைத்தது அணைத்தபடி நிற்கும்.

இதற்கு மருந்து அணைப்பதல்ல, இடத்துக்கேற்ற கருவி. சமையற்கட்டிலும் ஆட்டோகிளேவ் அறையிலும் புகையை விட்டு வெப்பத்தை உணரும் டிடெக்டர். வார்டில் புகை, வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வகை. சாம்பிராணிக்குத் திறந்த தாழ்வாரத்தில் ஓரிடம் (இதைச் சிஸ்டர் கண்டுபிடித்தார்கள், எங்கள் எல்லாருடைய யோசனையையும்விட மேலானது). அப்படியும் அணைக்க நேர்ந்தால் பேனலருகே தொங்கும் நோட்டில் பெயர், நேரம், காரணம், எப்போது திரும்பப் போடப்படும் என்று எழுதாமல் கை வைக்கக் கூடாது. போகி அன்று மட்டும் ஒரு ஆள் விடிய விடிய நடந்து காவலிருக்கிறார்.

தி. நகரில் கடைவீதிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு தேதிகள் நினைவிருக்கும். 2008 செப்டம்பர் 1ஆம் தேதி ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸில் தீ, ஊழியர் இருவர் இறந்தார்கள். 2017 மே 31ஆம் தேதி அதிகாலையில் உஸ்மான் ரோட்டில் சென்னை சில்க்ஸ் ஏழு மாடிக் கட்டடத்தில் தீ, மறுநாளும் எரிந்து ஒரு பகுதி சரிந்து, பின்பு முழுவதையும் இடித்தார்கள். இரண்டாவதில் கடை திறக்காத நேரமானதால் கூட்டம் இல்லை. மேலே இருந்த சில ஊழியர்களைத் தீயணைப்புப் படையினர் மீட்டார்கள். பெரிய கட்டடங்களில் இரவில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். அந்தக் கடைகளில் மணிகள் எப்படி இருந்தன என்று நான் சொல்ல வரவில்லை. நம் கட்டடத்தில் நடுநிசியில் யார் யார் எங்கே தூங்குகிறார்கள் என்ற பட்டியலை நாங்கள் முதன்முறையாக எழுதியது இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான். எழுதி முடித்தால் நாங்கள் நினைத்ததைவிட 11 பேர் அதிகம்.

பராமரிப்பு. இங்கேதான் உபகாரிகளிடம் மனம் திறந்து பேசவேண்டியிருக்கிறது. கட்டில் வாங்கித் தருகிறவர் தன் பெற்றோரின் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். சந்தோஷப்படட்டும், அதில் தவறில்லை. ஆனால் ஏஎம்சி எனப்படும் வருடாந்தரப் பராமரிப்புக்குப் பணம் தாருங்கள் என்று கேட்டால் முகங்கள் சுருங்குகின்றன. கருவி ஒருமுறை வரும், பராமரிப்பு ஆண்டுதோறும் வரும். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் எதுவானாலும் அடிமட்டம் வரை வடிந்து அப்படியே கிடந்தால், மின்சாரம் திரும்பி வந்து பச்சை விளக்கு எரிந்தாலும் பேட்டரி உள்ளே செத்திருக்கலாம். ஆகவே புயலோ நீண்ட மின்வெட்டோ வந்துபோன பின் சுமையேற்றிச் சோதிக்கவேண்டும். எதுவும் நடக்காவிட்டாலும் நாலு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதைப் பார்த்த நாம், பேனலை அடித்தளத்தில் வைக்க யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில், கண்ணாடியை அழுத்தும் சிவப்புப் பெட்டிகளில் ஒன்றை இயக்கி எல்லா பேஸ்களும் ஒலிக்கின்றனவா என்று பார்ப்பது. ஒவ்வொரு வாரமும் வேறு பெட்டி. ஆண்டில் ஒருமுறையாவது ஒவ்வொரு டிடெக்டரையும் அதற்கென்றே விற்கும் புகைச் ஸ்பிரேயால் சோதிப்பது. ஊதுவத்தியும் பீடியும் கொண்டு சோதிப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதன் பிசுக்கு உள்ளே படிந்து கருவியைக் குருடாக்கும். தூசியை உறிஞ்சியால் எடுக்கலாம், ஈரத்துணி வேண்டாம். பத்து ஆண்டு கடந்த தலைகளை மாற்றுவது. மிகப் பழையவற்றில் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு இருக்கக்கூடும், அவற்றைக் குப்பையில் எறியாமல் விற்ற கம்பெனியிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். சுவருக்கு வெள்ளை அடிக்கும்போது டிடெக்டருக்குப் பிளாஸ்டிக் மூடி போடுவார்கள். அடித்து முடிந்ததும் எடுக்க மறப்பார்கள். ஒலி வெளிவரும் துளைகளின்மேல் பெயிண்டர் பிரஷ் ஒருமுறை போனாலும் பேஸ் பாதி ஊமை. கிறிஸ்துமஸுக்கு முன்பு பெயிண்ட் அடித்த மருத்துவமனைகள், விடுதிகள், மண்டபங்கள் எல்லாம் ஜனவரியில் ஒருமுறை அண்ணாந்து பார்க்கவேண்டும்.

சென்ற மாதம் உறவினர் கூடத்தில் இரவு பத்தரைக்குச் சோதனை வைத்தோம். எல்லாருக்கும் முன்னதாகச் சொல்லியிருந்தோம். தலையணைமேல் மீட்டர் 79 காட்டியது. தம்பி திருப்தியாகக் கையெழுத்துப் போடப் போனார். மூலையில் ஒரு பெரியவர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து மகளின் அறுவைச் சிகிச்சைக்காக வந்தவர். காதில் கருவி போடுகிறவராம், தூங்கும்போது கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்தார். சிஸ்டர் அவர் தோளைத் தொட்டு, "அப்பா, அப்பா" என்று எழுப்பினார்கள். "என்னம்மா, பாப்பாவுக்கு ஏதாவதா?" என்று பதறி எழுந்தார். அன்றிலிருந்து கூடத்தின் இரவுக் காவலருக்கு ஒரு சீட்டு கொடுக்கப்படுகிறது. காது கேளாதவர் எந்தப் பாயில் படுத்திருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கும். அதிரும் தட்டுகளும் இரண்டு வாங்கவேண்டும் என்று குழு தீர்மானித்திருக்கிறது. தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ்களை அந்தக் கூடத்துக்கு முதலில் மாற்றுவதாகவும் முடிவு.

தீ என்று தெரிந்தால் 101 அல்லது 112. கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் முதலில் அழையுங்கள், உங்கள் வீட்டிலும் அப்படியே.

அடையாறு சகோதரிக்கு இந்த இதழையே பதிலாக அனுப்புகிறேன். நம்மைப் பார்க்க வரும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வாராந்தரச் சோதனை புதன்கிழமை காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் வரவேற்பறையில் இருந்தால் தலைக்கு மேல் திடீரென்று சத்தம் வரும். பயப்படவேண்டாம், ஒரு நிமிஷத்தில் நின்றுவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் சரியாகக் கேட்கவில்லையென்றால் போகும்முன் தயவுசெய்து என்னிடமோ தம்பியிடமோ சொல்லிவிட்டுப் போங்கள்.